படகின் அடிப்பக்கம்: சென்னைக் கரையிலிருந்து ஒரு சிறு வரலாறு

போன முறை பூஜ்யத்தைப் பற்றி எழுதினேன். அதற்கு முந்தைய முறை ரயில் தண்டவாளத்தின் அகலம். இந்த முறை படகின் அடிப்பக்கம். "உனக்குத் தலைப்பே கிடைக்கவில்லையா?" என்று வகுப்பில் பக்கத்தில் உட்காருபவன் கேட்டான். கிடைத்தது என்பதுதான் உண்மை. அதுவும் என் வீட்டு வாசலுக்கே வந்தது.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது நினைவிருக்கும். எங்கள் பெருங்குடியில் மழை நின்ற பிறகும் தண்ணீர் வடியவில்லை. ஒரு பக்கம் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், இரண்டும் நிரம்பினால் நடுவில் இருப்பவர்கள் எங்கே போவது? எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் கிடையாது. பாட்டிக்கு சர்க்கரை நோய், ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாள் மதியம், கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து லாரியில் ஏற்றி வந்த ஒரு பைபர் படகு எங்கள் தெருவுக்குள் வந்தது. மூன்று பேர் இருந்தார்கள். மோட்டாரைத் தூக்கி வைத்துவிட்டு, மூங்கில் கழியால் தள்ளிக்கொண்டே வந்தார்கள்.

பாட்டியை நாற்காலியோடு தூக்கிப் படகில் வைத்தோம். தெருமுனை திரும்பும்போது படகின் அடியில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம். தண்ணீருக்குள் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. சாய்ந்து கிடந்த இருசக்கர வண்டியாக இருக்கலாம், யாரோ வீட்டு வாசலில் நட்ட இரும்புக் கம்பியாகவும் இருக்கலாம். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற அண்ணன் மட்டும் முகம் மாறி, குனிந்து உள்பக்கத் தரையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் தள்ள ஆரம்பித்தார். அன்று அந்தப் படகு எங்கள் பகுதியில் இருட்டும்வரை ஓடியது. அதே மாதிரி சத்தம் இன்னும் எத்தனை முறை கேட்டிருக்கும்?

ஜனவரியில் அப்பாவும் நானும் அவரைத் தேடிக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். தெருவில் கொஞ்சம் பணம் சேர்த்திருந்தோம், அதைக் கொடுக்கத்தான். மற்ற படகுகள் எல்லாம் கடலில் இருந்தன. அவர் படகு மட்டும் மணலில் கவிழ்த்துப் போட்டிருந்தது. அடிப்பக்கம் முழுக்கக் கீறல். இரண்டு இடத்தில் வெள்ளை மேல்பூச்சு போய், உள்ளே இருக்கும் கண்ணாடி இழை நூல் நூலாகத் தெரிந்தது.

"மேல பாத்தா நல்லாத்தான் இருக்கும் தம்பி. அடியத்தான் பாக்கணும்" என்றார். ஒரு மாதமாக அவர் சொந்தப் படகில் கடலுக்குப் போகவில்லை, இன்னொருவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரியாது. நாங்கள் கேட்கவும் இல்லை.

அன்றிலிருந்துதான் இந்தத் தேடல். படகின் அடியைக் காப்பாற்ற மனிதர்கள் என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் பிடித்ததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலில் எதிரிகள் யார் என்று பார்ப்போம். மரப் படகின் அடிக்கு மூன்று பேர். ஒன்று, கப்பல்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. தலையில் இருக்கும் இரண்டு சின்ன ஓடுகளால் மரத்தை அரம் போல ராவி உள்ளே போய்விடும். வெளியே ஊசிமுனை அளவு துளைதான் தெரியும், உள்ளே மரம் தேன்கூடு மாதிரி ஆகியிருக்கும். இரண்டாவது, தரை: மணல், பாறை, முருகைக்கல். மூன்றாவது, அலை. கரையை ஒட்டி உடையும் அலை படகைத் தூக்கித் தரையில் அடிக்கும் அடி.

இதில் உலகத்தையே அதிகம் பயமுறுத்தியது புழுதான். கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில், புழு அரித்துச் சல்லடையாகிப் போன கப்பல்களை வேறு வழியில்லாமல் 1503ல் ஜமைக்கா கரையில் ஏற்றி நிறுத்திவிட்டு, ஒரு வருடம் உதவிக்குக் காத்துக் கிடந்தார். 1731ல் ஹாலந்தில் கடலைத் தடுக்கும் கரைகளின் மரத்தூண்களை இதே புழு தின்றுவிட்டது. அதன் பிறகு அவர்கள் கல்லுக்கு மாறினார்கள்.

பழைய காலத்தில் மத்திய தரைக்கடல் பக்கம் இதற்கு ஈயத் தகடு அடித்தார்கள். சைப்ரஸ் அருகே மூழ்கி, பிறகு கண்டெடுக்கப்பட்ட கிரேக்கக் கப்பல் ஒன்று, கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அடியில் ஈயத் தகடு போர்த்தியிருந்தது. இத்தாலியில் நேமி ஏரியில் கண்டெடுத்த ரோமானியப் பேரரசர் கலிகுலாவின் இரண்டு உல்லாசக் கப்பல்களுக்கும் ஈய உறை உண்டு. அது நன்னீர் ஏரி, அங்கே கப்பல்புழுவே கிடையாது! கடல் கப்பல் கட்டிப் பழகிய கை, ஏரிக் கப்பலுக்கும் அதையே செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ சீனாவிலிருந்து கடல் வழியாகத் தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தார். இந்தியாவுக்கு வந்துபோகும் பெரிய கப்பல்களைப் பற்றி அவர் சொல்வது ஆச்சரியமாக இருக்கிறது. பலகை இரட்டை அடுக்கு. தார் கிடையாது, அதற்குப் பதில் சுண்ணாம்பையும் நறுக்கிய சணல் நாரையும் ஒரு மரத்து எண்ணெயில் இடித்துக் குழைத்துப் பூசினார்கள். ஒரு வருடம் ஓடியதும் பழைய பலகையைப் பிடுங்குவதில்லை. அதன் மேலேயே இன்னொரு அடுக்குப் பலகையை அடித்துவிடுவார்கள். அடுத்த முறை பழுது பார்க்கும்போது இன்னொன்று. இப்படி ஆறு அடுக்குவரை போகும். அதற்கு மேல் அந்தக் கப்பல் ஆழ்கடலுக்கு ஆகாது, நல்ல பருவநிலையில் கரையோரமாக ஓட்டுவார்கள்.

மார்கோ போலோ சொன்னதையெல்லாம் நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு: 1974ல் சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் சேற்றிலிருந்து ஒரு கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். அதே பதின்மூன்றாம் நூற்றாண்டு. அடியில் இரட்டைப் பலகை, பக்கங்களில் மூன்று அடுக்கு வரை. உள்ளே மிளகு, வாசனை மரங்கள், சாம்பிராணி வகைகள். இதே சுவான்சௌவில்தான் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. குப்லாய் கானின் நலனுக்காக ஒரு சிவன் கோயில் எடுத்ததைச் சொல்லும் கல்வெட்டு அது. ஆக, அடுக்கடுக்காகப் பலகை அடித்த கப்பல்களில் நம் ஊர் வணிகர்களும் ஏறிப் போயிருப்பார்கள் என்று நினைப்பதில் தப்பில்லை.

இந்த அடுக்கு முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளிப்பலகை புழுவுக்கும் பாறைக்கும் கொடுக்கும் பலி. உள்ளே இருக்கும் உண்மையான கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எடை ஏறிக்கொண்டே போகும். ஆறோடு நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அடுத்து வந்தது செம்பு. பிளஸ் டூ வேதியியல் படித்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் கவனிக்கவும், மின்வேதியியல் பாடம் வரப்போகிறது. :-)

1761ல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763ல் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். புழு இல்லை, பாசியும் கொட்டலசும் இல்லை. செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கடல்நீரில் கரைவதால் எந்த உயிரும் அதில் ஒட்டுவதில்லை. மகிழ்ச்சி. ஆனால் தகட்டையும் மரத்தையும் பிடித்துக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்தே போயிருந்தன. செம்பும் இரும்பும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு மின்கலம். இரும்புதான் அதில் அழியும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. செம்புத் தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தைச் சில இடங்களில் பிரிக்காமல் அப்படியே வைத்து அடித்திருந்தார்கள். காகிதம் இருந்த இடத்தில் மட்டும் ஆணி நன்றாக இருந்ததாம்! ஒரு தொழிலாளியின் சோம்பேறித்தனம் அறிவியலுக்கு உதவியது.

1780களின் தொடக்கத்துக்குள் கடற்படை முழுவதற்கும் செம்பு அடித்துவிட்டார்கள். கப்பலைப் பிடித்திருக்கும் ஆணிகளையும் பிறகு செம்புக் கலவைக்கு மாற்ற வேண்டி வந்தது. 1824ல் ஹம்ப்ரி டேவி (சுரங்க விளக்குக் கண்டுபிடித்தாரே, அவரேதான்) செம்பு கரைவதைத் தடுக்கச் சிறு துத்தநாக, இரும்புத் துண்டுகளை அதோடு பொருத்திப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. செம்பு கரையாததால் பாசியும் கொட்டலசும் மறுபடி ஒட்ட ஆரம்பித்தன! 1832ல் செம்போடு சுமார் நாற்பது சதவீதம் துத்தநாகம் கலந்த மன்ட்ஸ் உலோகம் வந்தது. அது செம்பைவிட மலிவு என்பதால் வணிகக் கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டன.

ஒரு எதிரியைத் தடுக்க ஒன்றை ஒட்டினால் அது இன்னொரு தொல்லையைக் கூட்டிக்கொண்டு வருகிறது. இந்த வரலாறு முழுக்க இதேதான்.

சரி, இப்போது சென்னை. இத்தனை விலை கொடுத்துச் செம்பு அடித்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் மெட்ராஸ் வந்தால் என்ன செய்யும்? கரையிலிருந்து வெகு தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றுவிடும். ஏனென்றால் இங்கே துறைமுகமே இல்லை. 1639ல் இடம் வாங்கிக் கோட்டை கட்டினார்களே தவிர, அதற்கு முன்னால் இருந்தது வெறும் திறந்த மணல்கரை. கரைக்குச் சமீபத்தில் அலை ஒன்றன்பின் ஒன்றாக உடையும். கப்பலோடு வந்த சிறு படகுகளை இறக்கினால், ஆணி அடித்துக் கட்டிய அந்தக் கெட்டியான படகுகள் அலையில் அடிபட்டுத் தரையில் மோதி உடைந்தன. சுமார் இருநூறு வருடங்களுக்கும் மேலாக ஆளுநர் முதல் அரிசி மூட்டைவரை எல்லாமே அந்தக் கடைசித் தூரத்தை உள்ளூர்ப் படகில்தான் கடந்தன. ஆங்கிலேயர் அதை 'மசூலா' என்றார்கள். புதுச்சேரிப் பக்கம் அதற்குச் சலங்கு என்று பெயர்.

இந்த மசூலாப் படகில் ஓர் ஆணி கூடக் கிடையாது. உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்களும் கிடையாது. சுமார் 30 அடி நீளம், தட்டையான அடி, உயரமான பக்கங்கள். மெல்லிய மாமரப் பலகைகளின் ஓரத்தில் துளை போட்டுத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள், நாம் சாக்கு தைப்பது போல. இரண்டு பலகை சேரும் இடத்தில் காய்ந்த புல்லோ நாரோ வைத்து, அதற்கு மேல் தையல். தண்ணீர் கசியத்தான் செய்யும், இறைத்துக் கொட்ட ஓர் ஆள் இருப்பார். திரிகோணமலையில் கப்பல் கட்டும் பணியில் இருந்த ஜான் எடி என்ற ஆங்கிலேயர் 1834ல் இந்தக் கரையின் படகுகளைப் பற்றி விவரமாக எழுதியபோது இதற்கும் இடம் கொடுத்தார். பின்னாளில் மெட்ராஸ் மாகாண மீன்வளத் துறையை நடத்திய ஜேம்ஸ் ஹார்னல், உலகப் படகுகளைப் பற்றிய தன் 1946ஆம் ஆண்டுப் புத்தகத்தில் தைத்த படகுகளை ஆராய்ந்திருக்கிறார்.

அலை இந்தப் படகைத் தூக்கித் தரையில் போடும்போது என்ன ஆகிறது? அடிப் பலகைகள் உள்பக்கமாக வளைகின்றன. தையல் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கிறது. அடியின் வேகம் ஓர் இடத்தில் விழாமல் படகு முழுக்கப் பரவிவிடுகிறது. அலை போனதும் பழைய வடிவம். கயிறு நைந்துவிட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். பலகை போனால் அந்த ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். அதாவது, மற்ற ஊர்க்காரர்கள் அடியைக் கெட்டியாக்க எதை ஒட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இந்தக் கரையில் அடியை நெகிழ்வாக்கினால் போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. 'அலார்ம்' கப்பலுக்குக் கிடைத்த புகழில் பாதி இதற்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

புழு? அதற்கும் பதில் உண்டு. இந்தப் படகுகள் கடலிலேயே நிற்பதில்லை. வேலை முடிந்ததும் மணலில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். வெயிலில் காயும் மரத்தில் கப்பல்புழு பிழைக்காது. கட்டுமரத்துக்கு இன்னும் ஒரு படி மேல். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்துக் காயப் போடுவார்கள். மரம் காய்ந்தால் எடை குறையும், மிதப்பு கூடும், புழுவும் சாகும். மசூலாப் படகுக்குத் துணையாகக் கட்டுமரங்கள் கூடவே போகும். படகு கவிழ்ந்தால் தண்ணீரில் விழுந்த பயணிகளைத் தூக்குவது அவர்கள் வேலை. கட்டுமரம் கவிழ்ந்தால்? கவிழ்ந்தாலும் அது கட்டுமரம்தான், திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான்.

'கட்டுமரம்' என்ற நம் சொல் ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொருள் மாறிப் போனது. நம்முடையது சேர்த்துக் கட்டிய மரங்கள். அவர்களுடையது இரண்டு உடல்களை நடுவில் தளம் போட்டு இணைத்த படகு. 1876ல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் அப்படி ஒன்றைச் செய்து பந்தயத்தில் மற்றப் படகுகளைத் தோற்கடித்தார், அதன் பிறகு அந்த வகையைப் பந்தயத்திலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு படகை இணைத்துத் தளம் போடுவதற்கு நம்மிடம் வேறு சொல் இருந்தது: சங்காடம். கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' என்ற கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு இந்தக் கரையில் 'சங்கரா' என்ற படகுகள் ஓடியதாகச் சொல்கிறது, அதையும் இந்தச் சொல்லோடு ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். போர்த்துகீசியர் இந்தச் சொல்லைக் கொண்டுபோனார்கள். இன்றும் பிரேசிலில் ஒருவகை மீன்பிடி மிதவைக்கு 'ஜங்காடா' என்றுதான் பெயர்.

அமெரிக்க ஏரிகளில் இப்போது ஓடும் 'பாண்டூன்' படகு, சங்காடத்தின் தூரத்துச் சொந்தம் மாதிரிதான். இரண்டு அலுமினியக் குழாய்கள், மேலே தளம். அதிலும் அடிப் பிரச்சினை உண்டு. தளத்தைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் தண்ணீர் மோதி வேகத்தைக் குறைக்கும், சாரலாக மேலே அடிக்கும். அதனால் குழாய்களுக்கு நடுவே தளத்தின் அடியில் அலுமினியத் தகடு அடித்து மூடுகிறார்கள். அதிலும் ஒரு தொல்லை. மேலே கசியும் தண்ணீர் தகட்டுக்கும் தளத்துக்கும் நடுவில் தங்கிவிடாமல் வடிய வழி வைக்க வேண்டும்.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. பெருங்குடி வழியாகப் போகும் பக்கிங்ஹாம் கால்வாயில் ஒரு காலத்தில் படகுகள் ஓடின என்று சொன்னால் என் நண்பர்கள் சிரிக்கிறார்கள். 1806ல் மெட்ராஸிலிருந்து எண்ணூர் நோக்கித் தொடங்கிய கால்வாய் இது. 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டி, அப்போதைய ஆளுநர் பெயரை 1878ல் வைத்தார்கள். விறகும் உப்பும் ஏற்றிய தட்டை அடிப் படகுகளைக் கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும் கொண்டுபோனார்கள். இந்தப் படகுக்கு அலை இல்லை, பாறை இல்லை, சேறுதான். ஒரு மைல் தள்ளிக் கடலில் தையல் போட்ட படகு, இங்கே கால்வாயில் வேறு படகு. 2023 டிசம்பரில் கடல் படகு கால்வாய்ப் பக்கம் வந்து கழி ஊன்றியது.

துறைமுக வேலை 1876ல் தொடங்கி, 1881 புயலில் அலைதடுப்புச் சுவர்கள் சிதைந்து, மறுபடி கட்டி எழுப்பினார்கள். அதன் பிறகு மசூலாப் படகுக்குப் பயணிகள் கிடையாது. மீனவர்களின் கரைவலைப் படகாக மட்டும் இன்னும் பல காலம் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு இயந்திரப் படகுகள் வந்தன. இவற்றைத் தினமும் கரையில் இழுத்துப் போட முடியாது, தண்ணீரிலேயே நிற்கும். ஆகவே புழு திரும்பி வந்தது. செம்புத் தகடு கட்டுப்படியாகவில்லை. 1957ல் தொடங்கிய கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் செம்புக்குப் பதிலாக அலுமினியக் கலவைத் தகடு அடிப்பதையும், பிறகு மரத்தின் மேல் கண்ணாடி இழை போர்த்துவதையும் சோதித்துப் பார்த்தது.

கட்டுமரத்துக்கு வந்த சோதனை வேறு. அதற்கு வேண்டிய எடை குறைந்த பெரிய மரங்கள் பெரும்பாலும் கேரளத்திலிருந்து வந்தன. அவை அருகி, விலை ஏறிக்கொண்டே போனது. உலக உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979ல் மெட்ராஸைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியபோது, கரையில் ஏறி இறங்கக்கூடிய புதுப் படகு ஒன்றை உருவாக்குவது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. அதே சமயத்தில் கன்னியாகுமரிப் பக்கமும் கேரளத்திலும் ஒட்டுப்பலகைப் படகுகள் வந்தன. அவற்றை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? பலகைகளின் ஓரத்தில் துளை போட்டுக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி இழை நாடாவை ரெசின் வைத்து ஒட்டினார்கள். ஆணி இல்லாத தையல் படகு, நாருக்குப் பதில் கம்பியோடு திரும்பி வந்தது! ஒரே வித்தியாசம், இந்தத் தையல் நெகிழாது.

பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமியில் போன கட்டுமரங்களுக்குப் பதிலாகத் தொண்டு நிறுவனங்களும் அரசும் கொடுத்தவற்றில் மிகப் பெரும்பாலானவை பைபர் படகுகள். அவசரத்தில் புதிது புதிதாகப் படகுப் பட்டறைகள் முளைத்தன. எல்லாப் படகும் ஒரே தரத்தில் இல்லை, சிலவற்றில் அடி மிக மெல்லியது என்று அப்போதே பேசப்பட்டது. எப்படியோ, அதற்குப் பிறகு சென்னைக் கரையில் கட்டுமரம் பார்ப்பது அரிதாகிவிட்டது.

பைபருக்குப் புழு வராது. அது பெரிய வெற்றிதான், இருநூறு வருடம் செம்பு செய்ததைச் செலவில்லாமல் செய்கிறது. ஆனால் மணல்? குப்பத்தில் அந்த அண்ணன் விளக்கிச் சொன்னார். மேலே இருக்கும் வழவழப்பான பூச்சுக்கு ஜெல் கோட் என்று பெயர். தினமும் மணலில் இழுத்தால் அது தேயும். அது தேய்ந்ததும் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே வரும். இழை திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டுபோகும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். வெளியே பார்த்தால் சின்னக் கீறல்தான். தட்டிப் பார்த்தால் சத்தம் மாறும். அவர் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் 'டக்', பிரிந்த இடத்தில் பொத்துப்போன பூசணிக்காய் மாதிரி ஒரு சத்தம். எங்கள் தெருவுக்கு வந்து போன படகில் அப்படி மூன்று இடம் இருந்தது.

கொண்டுபோன பணத்தை அப்பா கொடுத்தார். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ரெசினும் மேட்டும் வாங்க அது போதாது என்று பிறகு விசாரித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் மறுபடி தெருவில் வசூலித்தோம். இந்த முறை எதற்கு என்று சொல்லிக் கேட்டதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது. இரண்டாவது மாடிக்காரர் ஒருவர் மட்டும், "அவங்களுக்கு அரசாங்கம் கொடுக்கும்" என்றார். அவர் வீட்டுக்கும் பால் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தது அந்தப் படகுதான்.

வேலை நடந்த நாளில் நான் கூடவே இருந்தேன். முதலில் பிரிந்த இடத்தையெல்லாம் அரைக்கும் மெஷினால் அரைத்து எடுத்தார்கள். உடம்பெல்லாம் அரிப்பு, கண்ணாடித் தூள். பிறகு நன்றாகக் காய விட்டார்கள், ஈரத்தின் மேல் ரெசின் பிடிக்காது. பின்பு மேட்டை விரித்து, ரெசினில் கடினமாக்கும் திரவத்தைக் கலந்து, உருளையால் காற்றுக் குமிழ் போகும்வரை உருட்டி உருட்டி ஒட்டினார்கள். பழுதான இடத்தோடு நிறுத்தாமல், தரையில் உரசும் அடிப்பாகம் முழுவதற்கும் இரண்டு அடுக்கு. நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் பகுதிக்கு மட்டும் இன்னும் இரண்டு. மார்கோ போலோ பார்த்த வேலைதான், பலகைக்குப் பதில் மேட். நான் அதைச் சொன்னேன். "யாருப்பா அது?" என்றார். சொன்னேன். "ஆறு அடுக்கா? எப்படித் தள்ளுவாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவர்கள் கப்பலைத் தள்ளவில்லை, அது துறைமுகத்தில் நின்றது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மார்ச் மாதம் படகு மறுபடி கடலில் இறங்கியது. புது அடியால் எடை இருபது கிலோவுக்கு மேல் கூடியிருக்கும் என்றார். முன்பு நான்கு பேர் தள்ளினால் நகர்ந்த படகுக்கு இப்போது ஆறு பேர் வேண்டியிருந்தது. அன்று காலை ஐந்தாவது ஆளாக நானும் ஆறாவது ஆளாக அப்பாவும் தள்ளினோம். அப்பாவின் செருப்பு அலையில் போய்விட்டது.